ஊசிக்கு ஒரு அடி

தம்பி,

நீ என்னை அடித்து ஒரு மாதம் தாண்டிவிட்டது. முதலில் பல்லின் கதையைச் சொல்லிவிடுகிறேன், நீ அதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பாய். மேல்வரிசையில் முன்னுக்கு இருந்த அந்தப் பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல். பாண் கரையைக் கடிக்கவே பயந்து, தேத்தண்ணியில் தோய்த்துத்தான் தின்றுகொண்டிருந்தேன். பல் டாக்டரிடம் போனால் விடிய முன்னமே வரிசையில் நிற்கவேண்டும், பிறகு அவர் பல் முரசில் ஊசி போடுவார், ஊசியைக் கண்டால் நான் எழும்பி ஓடுகிறவன். நீ வரிசையும் இல்லாமல் ஊசியும் இல்லாமல் ஒரே குத்தில் அந்த வேலையை முடித்துவிட்டாய். இரண்டாவது அடிதான் வீண். அது காதில் விழுந்தது. அன்றிலிருந்து அந்தக் காதுக்குள் கடல் இரைகிற மாதிரி ஒரு சத்தம். கடலுக்குப் போகாத நாளிலும் தொழிலில் நிற்கிற மாதிரி இருக்கிறது, அதுவும் ஒரு வசதிதான்.

நீ உன் மனிசி ஷாலினியோடு போனில் கதைக்கிறாய். மகள் ஜெசியோடு கதைக்கிறாய். நான் கடைக்குப் போகிற நேரம் பார்த்து எடுக்கிறாய், நான் திரும்பி வந்து வாசலில் இருமினால் லைன் அறுந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். ஒளித்து எழுதவும் எனக்கு விருப்பமில்லை. நீ அடித்ததை ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்ற சனம் முழுக்கப் பார்த்தது, அடம்பனில் இருந்து கிளினிக்குக்கு வந்த மனிசிமார் பஸ்ஸில் போகும்போதும் அதையே சொல்லிக்கொண்டு போனார்களாம். அடித்ததை எல்லாரும் பார்த்தார்கள், அடி வாங்கினவன் எழுதுகிறதையும் எல்லாரும் பார்க்கட்டும் என்று கோயில் மலர்ப் பத்திரிகைக்குப் பொறுப்பான மாஸ்டரிடம் இதைக் கொடுக்கிறேன். அவர் என் பிழைகளைத் திருத்துவார். "குத்து" என்ற இடத்தில் "தாக்குதல்" என்று மாற்றலாமே என்று இப்போதே கேட்கிறார். வாங்கினவன் நான், அது குத்துத்தான் என்று சொல்லிவிட்டேன்.

நீ கட்டாருக்குப் போகப்போகிறாய் என்று, கரையில் எங்களுக்குச் சமைக்கிற யோசேப்புதான் வந்து சொன்னான். குசினி வாசலில் நின்று, மாவுக்கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு, "பாஸ்போட்டையும் குடுத்திட்டானாம் அண்ணை. மெடிக்கலும் முடிஞ்சுதாம். அங்க குளிர் லொறி ஓடுற வேலை" என்றான்.

"இஞ்ச ஓடுற லொறிக்கு என்ன வந்தது?"

"லொறிக்கு ஒண்டுமில்லை. அப்பனுக்கு ஓங்கின கையால இனிப் பிள்ளைக்கு ஊசி போட ஏலாதாம். மீன்சந்தையில கண்டனான், அப்பிடித்தான் சொன்னவன். அழுதவன் அண்ணை."

யோசேப்பு சொல்லிவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பல் போன இடத்தைப் பார்க்கிறானோ, பதிலுக்காகப் பார்க்கிறானோ தெரியவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். லொறிக்கு ஐஸ் ஏற்றும் வரைக்கும் சும்மா இருப்பாய்தானே, இருந்து வாசி.

ஜெசிக்கு நாலு வயதில் நீரிழிவு வருத்தம் என்று சொன்ன நாளில் நான் டாக்டரோடேயே சண்டைக்குப் போனது உனக்கு நினைவிருக்கும். "சீனி வருத்தமெண்டது என்னைப்போலத் தின்னுற கிழடுகளுக்கு வாறது. இந்தக் குருவிக்கு எப்பிடி வரும்?" என்று மேசையில் தட்டினேன். அந்த மனுசன் கோபப்படவில்லை. இது வேறு வகை, பிள்ளை இனிப்புத் தின்றதால் வந்ததில்லை, நீங்கள் ஒருத்தரும் செய்த பிழையுமில்லை, அவளுடைய உடம்பு இன்சுலின் சுரக்கிறதை நிறுத்திவிட்டது, ஊசியால் கொடுத்தால் மற்றப் பிள்ளைகளைப்போல ஓடித்திரிவாள், கொடுக்காமல் விட்டால் உயிரோடு இருக்கமாட்டாள் என்றார். நான் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தேன். நீ மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்து நெரித்தாய். உன் நகம் என் தோலுக்குள் போனது. இந்தியாவில் அகதி முகாமில் எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு டாக்டர் சொன்னது விளங்க அந்த நகம் தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை வெளியில் இருந்து பார்த்தவன் பொலிசுக்குப் போயிருப்பான். பெரிய திருக்கையை வள்ளத்துக்குள் இழுத்துப் போட்டு, வால் அடிக்காமல் காலால் மிதித்துப் பிடித்தவன் நான். ஊசிக்கு ஒரு சின்னப் பிள்ளையைப் பிடிக்கிறது அதைவிடக் கஷ்டம். ஷாலினி காலில் ஏறி இருப்பாள். நான் இரண்டு கையையும் அமத்துவேன். நீ அந்தச் சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஊசியை வெளிச்சத்துக்குப் பிடித்து, காற்றைத் தட்டி எடுத்துக்கொண்டு குனிவாய். அவள் கடிப்பாள், துப்புவாள், தலையால் என் தாடையில் இடிப்பாள். கடற்கரையில் நான் பேசுகிற தூசணத்தை எல்லாம் ஒழுங்காகப் படித்து வைத்திருந்து உனக்குச் சொல்லுவாள். ஒருநாள் பக்கத்து வளவு மனுசன் அலவாங்கோடு ஓடிவந்தான், பிள்ளையைக் கொல்லுகிறார்களென்று நினைத்து. அவன் வாசலில் நிற்க, நீ ஊசியைப் போட்டு, பஞ்சை வைத்து அமத்தி, "முடிஞ்சுது குஞ்சு, முடிஞ்சுது" என்றாய். அவன் அலவாங்கைக் கீழே போட்டுவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போனான். நீ எழும்பி லொறிக்குப் பின்னால் போனாய். டீசல் பார்க்கப் போகிறேன் என்றாய். டீசல் பார்க்கிறவன் அப்படிக் குனிந்து ஓங்காளித்துச் சத்தி எடுக்கமாட்டான். நான் கிணற்றடியில் நின்றேன், கண்டேன், காணாத மாதிரி வாளியை உருட்டினேன்.

நான் உன்னைத் திருக்கை வாலால் அடித்து வளர்த்தவன், அது ஊருக்கே தெரிந்த கதை, மறைத்து என்ன ஆகப்போகிறது? என் அப்பன் என்னை அடித்ததும் அதால்தான், எங்கள் வீட்டில் சீதனம்போல வந்த சாமான் அது. ஜெசிக்கு ஞானஸ்நானம் கொடுத்து வந்த அன்றைக்குக் கூரை வளையில் செருகியிருந்த அந்த வாலை இழுத்தெடுத்து, சமைக்கிற ஆட்களுக்கு முன்னால் மீன் வெட்டுகிற கத்தியால் துண்டு துண்டாக வெட்டினாய். "என்ர பிள்ளையில ஒருத்தரும் கை வைக்கப்படாது. அப்பா, உங்களுக்கும்தான்" என்றாய். நான் சிரித்துக்கொண்டு, "வால் காய்ஞ்சு போச்சு, கத்தி மழுங்கப்போகுது" என்றேன். அன்றிலிருந்து ஒருத்தருக்கும் கை ஓங்காமல் இருந்தவன் நீ. சந்தையில் தராசுக்காரன் உன் நெஞ்சில் பிடித்துத் தள்ளினபோதுகூடக் கையைக் கட்டிக்கொண்டு நின்றவன் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சேர்த்து வைத்த அடி முழுக்க எனக்கென்று இருந்திருக்கிறது.

இனி வாடிக் கதை. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நீ கடைசிப் பக்கத்தை மட்டும் கண்டு அடித்தாய், முதற் பக்கத்தில் இருந்து கேட்டிருந்தால் இன்னும் இரண்டு கூடப் போட்டிருப்பாய்.

சீசனுக்கு நாங்கள் கொண்டச்சிப் பக்கக் கரையில் மீன்வாடி போட்டிருந்தோம். ஓலைக் கொட்டில் நாலு, அடுப்பு ஒன்று, வள்ளம் மூன்று, அவ்வளவுதான். நீ கொழும்புக்கு லோட் கொண்டு போயிருந்தாய். அடம்பனில் ஷாலினியின் தாய் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதால் அவள் அங்கே ஓடவேண்டியிருந்தது. ஜெசிக்குப் பள்ளிக்கூட லீவு, தானும் கடலுக்குப் போகவேண்டும் என்று நிலத்தில் உருண்டாள். "நான் பார்க்கிறன் பிள்ளை. உன்ர புருசனையே வளர்த்தவன் நான்" என்றேன். "அதுதான் மாமா பயமாக் கிடக்கு" என்றாள் உன் மனிசி. ஆனாலும் விட்டாள். ஊசி எத்தனை அளவு, எப்போது, விரலில் குத்தி மெஷினில் பார்க்கிறது எப்படி என்று திரும்பத் திரும்பச் சொல்லித் தந்தாள். பிறகு ஒரு மண்சட்டிக்குள் சின்ன முட்டி ஒன்றை இறக்கி, இடையில் ஈர மணல் போட்டு, முட்டிக்குள் இன்சுலின் போத்தலை வைத்து மூடித் தந்தாள். "பிரிட்ஜ் இல்லாத இடத்தில இப்பிடித்தான் வைக்கச் சொன்னவை. மணல் காயாமல் தண்ணி தெளியுங்கோ மாமா, வேற ஒண்டும் செய்ய வேண்டாம்."

வேற ஒண்டும் செய்ய வேண்டாம் என்று ஒரு மீன்காரனுக்குச் சொன்னால் அவன் கேட்பானா? முட்டியோடு நான் இறங்கினதைக் கண்டு வாடி முழுக்கச் சிரித்தது. "என்ன அண்ணை, மோர் விக்கிற யோசனையோ?" என்றான் யோசேப்பு. வாடியில் சமையல் அவன்தான், வாயும் அவன்தான். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பிறந்ததில் இருந்து ஐஸில் கை விறைத்தவன் நான். சாமான் பழுதாகாமல் வைக்க மண்முட்டியா? போத்தலை எடுத்துப் பொலித்தீன் பையில் சுற்றி, மீன் வைக்கிற ரெஜிபோம் ஐஸ் பெட்டியின் அடியில் வைத்து, மேலே ஐஸ் உடைத்துப் போட்டு, இன்னும் குளிரட்டும் என்று ஒரு கை உப்பும் எறிந்து, பெட்டியைச் சுற்றி டேப் ஒட்டினேன். வெளிநாட்டுக்குப் போகிற இறாலுக்குச் செய்கிற மரியாதை முழுக்கச் செய்தேன். முட்டியில் தண்ணி ஊற்றிக் குடித்தோம். நல்ல குளிர்ந்த தண்ணி.

அடுத்தநாள் காலையில் போத்தலை எடுத்தால் கல்லு. நான் அதைக் கமக்கட்டுக்குள் வைத்துச் சூடாக்கினேன். உருகி வந்தது, பார்க்கப் பழைய மாதிரித்தான் இருந்தது. யோசேப்பு காலைப் பிடிக்க, இன்னும் இரண்டு பேர் கையைப் பிடிக்க, நான் குத்தினேன். சுறாவின் வயிற்றைக் கிழிக்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்று அழுதார்கள். ஒவ்வொரு வேளையும் இப்படியே. பிள்ளைக்குள் போனது செத்த மருந்து என்று அந்தக் கரையில் ஒருத்தனுக்கும் தெரியாது.

பின்னேரமே தண்ணி தண்ணி என்று குடிக்கத் தொடங்கினாள். வெயில் என்றேன். மணலில் ஓடி ஓடி மூத்திரம் பெய்தாள். தண்ணி குடித்தால் பெய்யத்தானே வேண்டும் என்றேன். மறுநாள் விடிய மெஷினில் நம்பர் ஏறி நின்றது. ஷாலினி சொன்ன கணக்கில் கொஞ்சம் கூட்டிக் குத்தினேன். இறங்கவில்லை. வெயில் ஏறும்போது சத்தி எடுத்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள், வாயில் கனிந்து அழுகின பழம் மாதிரி ஒரு மணம். எனக்கு ஒரே ஒரு யோசனைதான் வந்தது. யாரோ பிள்ளைக்கு இனிப்புக் கொடுத்திருக்கிறான். அடுப்படியில் மணலுக்குள் ஒரு டொபித் தாள் கிடந்தது. போதாதா?

துடுப்பு கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. யோசேப்பு குந்தியிருந்து மீன் சுரண்டிக்கொண்டிருந்தான். "என்னடா குடுத்தனீ பிள்ளைக்கு?" என்று கேட்டுக்கொண்டே அடித்தேன், பதிலுக்கு நிற்கவில்லை. தலைக்குக் குறிவைத்தது, அவன் கையைத் தூக்கினான், கையில் பட்டது. காய்ந்த மட்டை முறிகிற சத்தம். "அந்தோனியாராணை நான் ஒண்டும் குடுக்கேல்ல அண்ணை!" என்று கத்தினான். நான் இன்னொன்று போட்டேன், தோளில். அவன் என் வயிற்றில் தலையால் இடித்து விழுத்தி, மேலே ஏறி, முறியாத கையால் என் கழுத்தைப் பிடித்தான். மீன் செதிள் முழுக்க என் வாய்க்குள். கெட்டித்தனமாகச் சண்டை பிடித்தோம் என்று சொல்ல ஆசை, ஆனால் இரண்டு கிழட்டு நண்டுகள் மணலில் உருண்ட மாதிரித்தான் இருந்திருக்கும். அவனுக்கு மூக்கில் இரத்தம், எனக்குக் கண்ணுக்குள் மணல். அப்போதுதான் அந்த மூச்சுச் சத்தம் கேட்டது. தண்ணி இழுக்காத எஞ்சின் மாதிரி, ஆழமாக, வேகமாக. கொட்டிலுக்குள் ஜெசி கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள், எங்களைப் பார்க்கவில்லை.

யோசேப்பு என் கழுத்தை விட்டான். "எழும்படா நாயே, பிள்ளையைத் தூக்கு" என்றான். அதுவரைக்கும் அண்ணை என்றவன்.

கரையில் போன் பிடிக்காது. தார் றோட்டுக்குப் போகவேண்டும், அந்த மணலில் போகிற ஒரே வாகனம் யோசேப்பின் லேண்ட்மாஸ்டர் கைட்ராக்டர். அதைச் சுழற்றித்தான் ஸ்ரார்ட் எடுக்கவேண்டும், சுழற்றுகிற கையை நான் முறித்து வைத்திருக்கிறேன். நான் சுழற்றினேன். அது திருப்பி அடித்தது, முழங்காலுக்குக் கீழே தோல் போனது. இன்னொரு முறை சுழற்றினேன். அவன் ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு ஓட்டினான், முறிந்த கை தொங்கிக்கொண்டு ஆடினது, ஒவ்வொரு குழிக்கும் அலறினான். அலறாத நேரத்தில் என்னை ஏசினான். என் பரம்பரையில் ஒருத்தரையும் விடவில்லை, சொன்ன சொல்லையும் திரும்பச் சொல்லவில்லை. நான் பின்னால் இழுவைப் பெட்டிக்குள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஏச்சைச் செபம்போலக் கேட்டுக்கொண்டு போனேன். றோட்டுக்கு வந்து போன் எடுத்து, அம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய், சேலைன் ஏற்றி, நல்ல இன்சுலின் ஏற்றி... மிச்சம் உனக்கு டாக்டர் சொல்லியிருப்பார்.

நீ அடுத்தநாள் காலை லொறியோடேயே வந்தாய். மீன்தண்ணி ஒழுகுகிற லொறியை ஆஸ்பத்திரி வாசலில் குறுக்காக விட்டுவிட்டு ஓடிவந்தாய். விறாந்தையில் நேர்ஸ் பிள்ளை அந்தப் போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, இதை எங்க வைச்சிருந்தனீங்கள்?"

"ஐஸிலதான் மிஸ். நல்ல குளிரில. உப்பும் போட்டு."

"உப்புமா?"

"ஓம் மிஸ். உப்புப் போட்டா இன்னும் இறுகும்."

அவள் போத்தலைக் கொண்டுபோய்த் தட்டில் வைத்தாள். பிறகு, "இன்சுலின் ஒருக்கா உறைஞ்சா முடிஞ்சுது ஐயா. பேந்து உருகினாலும் வேலை செய்யாது" என்றாள். நான் திரும்பினேன், நீ நின்றாய். உன் முகத்தைக் கண்டதும் என் வாய் தன்பாட்டில் சிரித்தது. வெட்கம் வந்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும், பிறந்த குணம். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நீ அடித்தாய். முதற் குத்து வாயில், பல் நாக்குக்கு வந்தது. இரண்டாவது காதில். நான் சுவரோடு சரிய, நீ சேர்ட் கொலரில் பிடித்துத் தூக்கி என் தலையைச் சுவரில் மோதினாய். அடம்பன் மனிசிமார் மாதாவே என்று கத்த, காவலாளி உன்னை இடுப்பில் பிடித்து இழுத்தான். நீ அவனையும் உதறினாய். அப்போது யோசேப்பு, ஈர மாவுக்கட்டோடு, வரிசையில் இருந்து எழும்பி வந்து உனக்கும் எனக்கும் இடையில் நின்றான். "விடு தம்பி. அவன்ர உடம்பில முதல் உரிமை எனக்கு. நீ பின்னால நில்லு" என்றான். காவலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொலிசுக்குச் சொல்லவா என்று கேட்டான். இது எங்கள் குடும்பத்தில் நடக்கிறதுதான், எழுதிக்கொள்ளத் தேவையில்லை என்று வாயைப் பொத்திக்கொண்டு சொன்னேன்.

நீ உன் கையைப் பார்த்தாய். வாலை வெட்டின கை. பிள்ளை கண் திறந்து பால் குடிக்கும் வரைக்கும் அவள் கிடந்த வாட்டு வாசலில் நின்றாய், உள்ளே போய் அவளின் காலைத் தொட்டுக் கொஞ்சினாய், லொறியை எடுத்தாய். பிறகு வரவேயில்லை.

எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் மாஸ்டரே நம்பமாட்டார். முதற் கிழமை முழுக்கக் கோபம். உன் அலுமாரியில் இருந்த நல்ல நீலச் சேர்ட்டால் எஞ்சின் எண்ணெய் துடைத்தேன். இன்னும் ஒன்று துடைக்க இருந்தபோது ஷாலினி பறித்துவிட்டாள். ஆனால் நீ என்னைப்போல ஆகிவிட்டாய் என்று பயந்து ஓடுகிறாய் பார், அங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆஸ்பத்திரியில் நின்ற எங்கள் இரண்டு பேரில் விசாரியாமல் அடித்தவன் யார்? நான் டொபித் தாளைக் கண்டு ஒரு மனுசனின் கையை முறித்தேன். அவன் குற்றம் செய்யவில்லை. நீ அடித்த ஆள் குற்றம் செய்தவன். அடித்தது சரி என்று சொல்ல வரவில்லை, காது இன்னும் இரைகிறது. அந்தக் கைக்கு வேறு வேலையும் இருக்கிறது என்று சொல்ல வருகிறேன்.

ஜெசி கோயிலில் பாதரைக் கடித்த நாளை நினைத்துப் பார். பூசை முடிந்து ஆசீர்வாதத்துக்குப் போய், பாதர் தலையில் கை வைக்க, ஜெசி அந்தக் கையை இழுத்து இரத்தம் வரக் கடித்தாள். காலால் உதைத்தாள், மெழுகுதிரித் தட்டைத் தட்டிவிட்டாள். பேய் என்றது பின்னால் ஒரு சத்தம். ஒரு தட்டுத் தட்டினால் அடங்குவாள் என்றது இன்னொன்று, அது நான்தான். நீ அவளைத் தூக்கி மூக்கின் மேல் விரலால் தடவினாய். வேர்வை. சட்டைப் பைக்குள் இருந்த சீனிப் பக்கட்டை உடைத்து வாய்க்குள் தேய்த்தாய். சீனி இறங்கினால் பிள்ளைக்கு மூளை கலங்கிக் கோபம் வரும் என்று பிறகு பாதருக்கு நீ விளங்கப்படுத்தினாய், அவர் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். மெஷின் சொல்ல முன்னம் அவளின் மூக்கில் கண்டுபிடிக்கிற கை அது. எனக்கும் ஷாலினிக்கும் அது வராது. நாங்கள் மெஷினைத் தேடி எடுத்து, பற்றரியைத் தட்டி, கண்ணாடியைத் தேடுவோம். கட்டாரில் இருந்துகொண்டு போனில் மூக்கைத் தடவ ஏலாது தம்பி.

இப்போது வீட்டில் நடக்கிறதைச் சொல்லுகிறேன். ஆஸ்பத்திரியால் வந்த முதல்நாள், வழமைபோல ஷாலினி காலில் ஏற, நான் கையை அமத்தப் போனேன். ஜெசி கத்தவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பப்பா, அப்பா உங்களுக்கு ஏன் அடிச்சவர்?"

"நான் உனக்கு நோகப் பண்ணினனான், அதுதான்."

"ஊசியும் எனக்கு நோகுது."

"ஓம்."

"அப்ப ஊசி போடுற ஆளுக்கு நான் அடிக்கலாம்தானே?"

ஷாலினி என்னைப் பார்த்தாள். எட்டாம் வகுப்புப் படிப்பில் இதற்கு மறுப்புச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கன்னத்தைக் காட்டினேன். சின்னக் கைதான், ஆனால் உன் இரத்தம். பல் போன பக்கமே பார்த்துப் போட்டாள், கண்ணில் தண்ணி வந்தது. பிறகு தன்பாட்டில் சட்டையைத் தூக்கித் தொடையைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஒருத்தரும் பிடிக்கவில்லை. ஷாலினி குத்தினாள், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், முடிந்தது. ஷாலினி ஊசியை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு வருசமாக நாங்கள் பிள்ளையின் மேல் ஏறியிருந்தோமே என்று அழுதாள்.

அன்றிலிருந்து அதுதான் சட்டம். ஊசிக்கு ஒரு அடி. தடி இல்லை, செருப்பு இல்லை, கண்ணில் படக்கூடாது, இதெல்லாம் நான் கெஞ்சி வாங்கின சலுகைகள். ஷாலினி அடிக்குப் பதிலாகக் கிள்ளு வாங்குகிறாள், கையெல்லாம் நீலம். யோசேப்பு வந்தால் அவனும் கன்னம் காட்டுகிறான், அவன் ஊசி போடுகிறதில்லை, சும்மா ஆசைக்கு. மருந்து ஷாலினியின் முட்டிக்குள் இருக்கிறது. காலையில் எழும்பினதும் மணலுக்குத் தண்ணி தெளிக்கிறது என் வேலை. உன் லொறிக்காரருக்கும் சொல்லு, ஐஸ் எல்லாத்துக்கும் நல்லதில்லை என்று. நான் சொன்னால் சிரிப்பார்கள்.

காலை ஊசிக்கு மட்டும் அவள் எங்களை அடிக்கிறதில்லை. காலை ஊசி உன்னுடையது. உன் சிவப்புக் கதிரையை அவளே இழுத்துக்கொண்டு வந்து வைப்பாள், முதுகில் ஓங்கி ஒன்று போடுவாள், "இது அப்பாவுக்கு" என்பாள், பிறகு தொடையைக் காட்டுவாள். கதிரையின் முதுகு இப்போது ஒரு பக்கம் வெடித்துப் போய் இருக்கிறது. நேற்றுக் காலை கையை ஓங்கினவள் இறக்கிவிட்டாள். கதிரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன குஞ்சு, அடியன்" என்றேன்.

"கதிரைக்கு நோகாது அப்பப்பா. எனக்கு அப்பா வேணும்."

ஊசி போடவிடவில்லை. மத்தியானம் வரைக்கும் விடவில்லை. பழையபடி ஷாலினி காலில் ஏற, நான் கையை அமத்த, அவள் என் தாடையில் தலையால் இடிக்க, குத்தித்தான் முடித்தோம். இன்று காலையும் அப்படித்தான். நாளைக்கும் அப்படித்தான் இருக்கும். நான் இதை எழுதும்போது என் முழங்கையில் அவளின் பல் அடையாளம் சிவந்து கிடக்கிறது. எத்தனை நாளைக்கு அவளை அப்படி மிதித்துப் பிடிக்கிறது தம்பி? எங்களால் ஏலாது. அவளுக்கும் ஏலாது.

பாஸ்போட்டைத் திருப்பி வாங்கு. வெள்ளிக்கிழமை லோட் இறக்கிவிட்டு நேரே வீட்டுக்கு வா. என்னிடம் மன்னிப்புக் கேட்கிற வேலை ஒன்றும் வேண்டாம், வந்தவுடன் அந்தக் கதிரையில் இரு, வெடித்த பக்கம் சாயாதே. எண்ணெய்ச் சேர்ட்டைப் பார்த்துக் கோபப்படாதே. வரமுன் முகத்தை வழித்துக்கொண்டு வா. தாடி குத்தினால் கை நோகுது என்று என்னை இரண்டுமுறை ஏசிவிட்டாள்.

அப்பா